சுரங்கக் கழிவு மேட்டில் செடி ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி இதுதான். மூடப்பட்ட ஒரு திறந்தவெளிச் சுரங்கம். அதன் ஓரத்தில், தோண்டி எடுத்த பாறையையும் மண்ணையும் கொட்டி எழுப்பிய மேடு. மண் பரிசோதனையில் பிஎச் (அமில–கார அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 6.8 என்று வந்ததால் நம்பிக்கையோடு உரமிட்டு, புல் விதைத்து, மரக்கன்றுகள் நட்டார்கள். முதல் ஆண்டு பச்சைப் பசேலென்று இருந்தது. மூன்றாம் ஆண்டில் திட்டுத் திட்டாகக் கருகி, அந்த இடங்களில் மண் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. மற்ற இடங்களில் மரங்கள் சாகவில்லை, வளரவும் இல்லை. மேலே நல்ல மண்ணைப் பரப்பினால் சரியாகிவிடுமா?

பரப்பலாம்; ஆனால் தோண்டிப் பார்க்காமல் பரப்பாதீர்கள். உங்கள் மேட்டில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. திட்டுகளாகக் கருகுவது வேதியியல் சார்ந்தது. மரம் உயராமல் நின்றுவிடுவது பெரும்பாலும் மண்ணின் இறுக்கம் சார்ந்தது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து உரம் உரமாகக் கொட்டி ஏமாந்த இடங்கள் உலகம் முழுவதும் இருக்கின்றன.

முதலில் அந்த 6.8. அது பொய்யான எண் அல்ல, மாதிரி எடுத்த அன்று உண்மைதான். வயல் மண் பல்லாயிரம் ஆண்டுகள் மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் ஒரு நிலைக்கு வந்துவிட்ட பொருள். அதன் பிஎச் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சுரங்க மேட்டில் இருப்பது அப்படிப்பட்ட மண் அல்ல. நேற்றுவரை நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடந்த பாறை அது. வெடிவைத்து உடைத்து மேலே கொட்டிய பிறகுதான் ஆக்சிஜன் அதைத் தொடுகிறது. அந்த நாளிலிருந்துதான் அதன் வேதியியல் தொடங்குகிறது. எனவே பிஎச் என்பது கையிருப்பைக் காட்டும் எண் மட்டுமே. இனிக் கட்டவேண்டிய அமிலக் கடன் எவ்வளவு என்பதை அது சொல்லாது.

அந்தக் கடனின் பெயர் பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. நிலக்கரிப் படுகைகளை ஒட்டிய களிப்பாறையிலும், செம்பு, துத்தநாகம், ஈயம், தங்கம் ஆகியவற்றின் தாதுக்களோடும் இது அடிக்கடி கூடவே இருக்கும். பொன்போல் மின்னும் கனசதுரப் படிகங்களைப் பார்த்திருப்பீர்கள். மேட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அவை அல்ல; அவை மெதுவாகத்தான் கரையும். களிப்பாறைக்குள் ராஸ்பெர்ரிப் பழம்போல் திரண்டிருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகத் திரள்களே ஆபத்தானவை. எடையில் சொற்பம், ஆனால் பரப்பளவு மிகப் பெரியது. காற்றும் ஈரமும் பட்டதும் அவை வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. விளைவது கந்தக அமிலமும் துருவும். ஒரு மூலக்கூறு பைரைட் முழுவதுமாக மாறி முடிந்தால் இரண்டு மூலக்கூறு கந்தக அமிலம் கிடைக்கும்.

இந்த வினை தன்னைத் தானே முடுக்கிக்கொள்வதுதான் இதன் கொடுமை. தொடக்கத்தில் பைரைட்டைத் தாக்குவது ஆக்சிஜன். பிஎச் 4-க்குக் கீழே இறங்கியதும், கரைந்த இரும்பின் மூன்றேற்ற வடிவமான ஃபெரிக் அயனி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அது ஆக்சிஜனைவிட வேகமாகப் பைரைட்டைத் தின்னும். தின்றபின் ஈரேற்ற இரும்பாக, ஃபெரசாக, மாறிவிடும். அதை மறுபடி ஃபெரிக்காக மாற்றினால்தான் சுழற்சி தொடரும். அமிலச் சூழலில் அந்த மாற்றம் இயல்பாக மிக மிக மெதுவாகவே நடக்கும். அங்கேதான் பாக்டீரியா வருகிறது. சுரங்க அமில நீரில் 1947இல் கண்டறியப்பட்டு, இன்று அசிடிதியோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்று அழைக்கப்படும் நுண்ணுயிரி, இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அதிலிருந்தே வாழ்கிறது. அது இருந்தால் அந்த மெதுவான கட்டம் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வேகமெடுக்கும் என்று 1970இல் ஆய்வாளர்கள் சிங்கரும் ஸ்டம்மும் காட்டினார்கள். அதனால் ஒரு மேடு 5 பிஎச்சிலிருந்து 4-க்கு மெல்ல இறங்கி, 4-லிருந்து 3-க்கு ஒரே பருவத்தில் சரிந்துவிடக்கூடும். கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்துக்குள் மைனஸ் 3.6 பிஎச் வரை அளந்திருக்கிறார்கள். அது நிலத்தடிச் சுரங்கத்தின் உச்ச நிலை, உங்கள் மேடு அங்கே போகாது. ஆனால் நடக்கும் வினை ஒன்றேதான்.

அப்படியானால் முதல் ஆண்டு ஏன் பச்சையாக இருந்தது? பாறையில் கால்சைட்டும் இருந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் அதே தாதுதான். பிறக்கும் அமிலத்தை அது உடனுக்குடன் விழுங்கிக்கொண்டிருக்கும்வரை பிஎச் 7-ஐ ஒட்டியே நிற்கும். சோதனை அறிக்கை அந்தக் கட்டத்தைத்தான் பதிவு செய்தது. கால்சைட் தீர்ந்ததும் பிஎச் படிப்படியாக இறங்கும். அடுத்தடுத்த படிகளில் வேறு வேறு தாதுக்கள் தாங்கிப் பிடிக்கும். 4-ஐ ஒட்டி அலுமினிய ஹைட்ராக்சைடு கரையத் தொடங்கும். வேர்நுனிகள் சாவது இங்கேதான். கருகிய செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் குட்டையாக, தடித்து, கிளை விடாமல், நுனி பழுப்பேறியிருந்தால் அது அலுமினிய நஞ்சு. 3-ஐ ஒட்டி இரும்பு ஹைட்ராக்சைடு கரையத் தொடங்கும். அதற்கும் கீழே களிமண் தாதுக்களே மெல்லச் சிதையும்.

மஞ்சள் நிறமும் ஒரு சாட்சிதான். வெளிறிய வைக்கோல் மஞ்சள் என்றால் அது ஜாரோசைட்டாக இருக்கும். பிஎச் 3-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ போன இடங்களில் உருவாகும் தாது அது. தன் உடம்புக்குள் இன்னும் அமிலத்தைச் சேமித்து வைத்திருக்கும். செங்காவி அல்லது ஆரஞ்சு நிறம் என்றால் துரு வகைகள். நிலைமை அவ்வளவு மோசமில்லை, அல்லது அமிலம் ஏற்கெனவே ஓரளவு தணிந்திருக்கிறது. வெயில் காலத்தில் வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ உப்புப் பூத்தால் அதைச் சாதாரண உப்பாக நினைக்க வேண்டாம். இரும்பு, மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் சல்ஃபேட்டுகள் அவை. காய்ந்த காலத்தில் அமிலமும் உலோகமும் உப்பாக உறைந்து மேலே நிற்கின்றன. முதல் மழையில் மொத்தமாகக் கரைந்து ஓடுகின்றன. மேட்டின் அடியில் ஓடும் நீரை ஆண்டுக்கு ஒருமுறைதான் அளக்க முடியும் என்றால், கோடைக்குப் பின் வரும் முதல் கனமழையின் முதல் ஒரு மணி நேரத்தில் அளந்துவிடுங்கள். மற்ற நாளில் எடுக்கும் மாதிரி உங்களுக்குப் பொய் ஆறுதல்தான் தரும்.

கடனைக் கணக்கிட எளிய கணக்கு உண்டு. 1 டன் கழிவில் 1% கந்தகம் பைரைட்டாக இருந்தால், அது முழுவதும் அமிலமானபின் ஈடுகட்ட 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் தேவை. உங்கள் திட்டுகளில் 0.5% இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 2,250 டன் எடையிருக்கும். தேவைப்படும் சுண்ணாம்புக்கல் தூள் 35 டன். வயலுக்கு வழக்கமாக இடும் இரண்டு மூன்று டன் இங்கே எம்மாத்திரம்? அதுவும் மேல் 15 செ.மீ.க்குத்தான். வேர் இறங்க வேண்டிய ஒரு மீட்டர் ஆழத்துக்கும் கணக்கிட்டால் 230 டன்னுக்கு மேல் போகும். மேலாகத் தூவும் சுண்ணாம்பு ஏன் பொய்க்கிறது என்பதற்கு இந்த எண்களே பதில். பாறைக்கல்லாகப் போட்ட சுண்ணாம்புக்கல்லும் சீக்கிரம் செயலிழக்கும், ஏனென்றால் இரும்புத் துரு அதன்மேல் ஓடுபோல் படிந்து உள்ளே இருப்பதைக் கரையவிடாது. தூளாக இருக்க வேண்டும், மண்ணோடு கலந்திருக்க வேண்டும்.

இந்த வரவு செலவுக் கணக்கை அமில–காரக் கணக்கீடு என்று அழைக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியா நிலக்கரி வயல்களில் 1970களில் உருவானது, 1978இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கையேடாக வெளிவந்தது. ஒரு பக்கம் கந்தகம், மறுபக்கம் அமிலத்தை ஈடுகட்டும் திறன். திறன் கடனைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. ஒரு மடங்குக்குக் கீழே என்றால் அமிலமாகும் என்றே எடுத்துக்கொள்ளலாம். இடைப்பட்டது சந்தேகத்துக்குரியது. இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதல் பொறி, மொத்தக் கந்தகம் என்ற எண்ணில் ஜிப்சத்தின் சல்ஃபேட்டும் நிலக்கரியில் கட்டுண்ட கந்தகமும் சேர்ந்துவிடும். இவை அமிலம் தருவதில்லை. ஆகவே சல்ஃபைடுக் கந்தகத்தைத் தனியாகக் கேளுங்கள். இரண்டாவது பொறி சிடரைட். அது இரும்புக் கார்பனேட். ஆய்வகத்தில் அமிலம் விட்டால் நுரைத்துக் கரைந்து, கால்சைட்டைப்போல் நல்ல பிள்ளையாகத் தெரியும். மேட்டிலோ, கரைந்த அதன் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து துருவாகப் படியும்போது, ஈடுகட்டிய அமிலத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நிகரப் பயன் பூஜ்ஜியம். நிலக்கரிப் படுகைகளில் சிடரைட் மிகவும் சாதாரணம் என்பதால், இதைக் கவனிக்காத அறிக்கைகள் பாதுகாப்பானவை என்று சான்று தந்த மேடுகள் அமிலமாகியிருக்கின்றன.

பணமும் நேரமும் குறைவு என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடுச் சோதனை நல்ல துணை. அரைத்த மாதிரியில் பெராக்சைடை ஊற்றிச் சல்ஃபைடு முழுவதையும் ஒரே நாளில் ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டுப் பிஎச் பார்ப்பார்கள். முடிவு 4.5-க்குக் கீழே போனால் அந்தக் கல் அமிலம் தரக்கூடியது. பெரிய திட்டங்களில் ஈரக்கலச் சோதனையும் உண்டு: மூன்று நாள் வறண்ட காற்று, மூன்று நாள் ஈரக் காற்று, ஏழாம் நாள் கழுவி அளத்தல். இதையே குறைந்தது 20 வாரம் செய்வார்கள். அமிலம் வருமா என்பதோடு எவ்வளவு வேகத்தில் வரும் என்பதையும் இது சொல்லும்.

மாதிரி எடுப்பதில் செய்யும் தவறு இவை எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். மேட்டின் பத்து இடங்களில் எடுத்துக் கலந்து ஒரே பையில் அனுப்புவது வயலுக்குச் சரி. இங்கே ஒரு லாரிப் பாறை பிஎச் 3, பக்கத்து லாரிப் பாறை 7 என்று ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டும் கிடக்கும். கலந்த மாதிரி காட்டும் எண் மேட்டின் எந்த இடத்துக்கும் உரியதல்ல. திட்டு தனி, திட்டுக்கு வெளியே தனி, ஒவ்வொன்றிலும் ஆழம் ஆழமாகத் தனித்தனி. இன்னொன்று: மண் ஆய்வகம் 2 மி.மீ. சல்லடையில் சலித்துக் கீழே விழுவதை மட்டுமே சோதிக்கும். உங்கள் மேட்டில் பாதிக்கு மேல் கல்லாக இருக்கலாம். கல்லுக்குள் இருக்கும் பைரைட் அந்த அறிக்கையில் வரவே வராது. அமில–காரக் கணக்கீட்டுக்குக் கல்லையும் சேர்த்து அரைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஈரமான பைரைட் மண்ணைப் பையில் கட்டி மாதக்கணக்கில் வைத்தால் பைக்குள்ளேயே அமிலம் பிறந்துவிடும். எடுத்த உடனே மெல்லிதாகப் பரப்பிக் காற்றில் உலர்த்திவிடுங்கள்.

உலோகங்களைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். சல்ஃபைடு தாதுக் கழிவுகளில் செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவை தங்கியிருக்கும். மொத்த அளவு எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு கரைகிறது என்பதே செடிக்கும் நீருக்கும் முக்கியம். பிஎச் குறையக் குறைய முதல் நான்கும் கரைந்து வெளிவரும். அதனால் சுண்ணாம்பு இட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆர்செனிக், செலினியம், மாலிப்டினம் ஆகியவை எதிர்த்திசையில் போகும். மண்ணில் அவை எதிர்மின் அயனிகளாக இருப்பதால் பிஎச் கூடக்கூடப் பிடி விட்டு வெளியே வரும். ஆர்செனிக் உள்ள கழிவில் சுண்ணாம்பை அளவுக்கு மீறி இட்டு, மேலே பாஸ்பேட் உரமும் போடுவது இரட்டைத் தவறு. துரு பிடித்து வைத்திருக்கும் ஆர்செனேட்டைப் பாஸ்பேட் இடம்பெயர்த்து வெளியேற்றிவிடும். காட்மியம் துத்தநாகத் தாதுவுக்குள் ஒளிந்து வரும் உலோகம். ஜப்பானில் கமியோகா சுரங்கத்திலிருந்து ஜின்சூ ஆற்றின் வழியாக நெல்வயல்களுக்குப் போன காட்மியம் எலும்பை நொறுக்கும் இதாய்-இதாய் நோயைத் தந்தது. 1968இல் அந்நாட்டு அரசே அதைச் சுற்றுச்சூழல் மாசால் வந்த நோய் என்று அறிவித்தது. கழிவு மேட்டில் உணவுப் பயிரோ தீவனமோ வளர்க்கலாமா என்று யாராவது கேட்டால், உலோகப் பரிசோதனை இல்லாமல் ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எல்லாக் கழிவும் அமிலம் அல்ல. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சும் செஞ்சேறு பிஎச் 10-க்கும் மேலே நிற்கும். சோடியம் மிகுந்து, துகள்கள் பிரிந்து, காய்ந்தால் கல், நனைந்தால் குழம்பு என்று இருக்கும். அதற்கு மருந்து ஜிப்சமும் மட்கும், சுண்ணாம்பு அல்ல. ஹங்கேரியின் அய்காவில் 2010 அக்டோபர் 4 அன்று அத்தகைய சேற்றுக் குளம் உடைந்தபோது பலரது தோலைச் சுட்டது அந்தக் காரம்தான்.

இனி இரண்டாம் நோய்க்கு வருகிறேன். மரம் ஏன் வளரவில்லை? ஒரு குழி தோண்டுங்கள். கடப்பாரை ஒரு சாண் ஆழத்தில் ‘டங்’ என்று நின்றால் விடை கிடைத்துவிட்டது.

நல்ல மேல்மண் ஒரு கன சென்டிமீட்டர் 1.1 முதல் 1.4 கிராம்வரை எடையிருக்கும். கனரக வாகனங்கள் ஓடி, புல்டோசர் வைத்துச் சமன் செய்த சுரங்க மேட்டில் அது 1.8-ஐயும் தாண்டும். பாறைத் துகளின் அடர்த்தி 2.65 என்று கொண்டால், 1.3 கிராம் மண்ணில் பாதி இடம் வெற்றிடம், 1.8 கிராம் மண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குறைந்தவை பெரும்பாலும் பெரிய துளைகள். வேர் நுழைவதும், காற்று உலாவுவதும், மழைநீர் இறங்குவதும் அவற்றின் வழியேதான். களி கலந்த மண்ணில் 1.6-ஐத் தாண்டினாலே வேர் திணறும். பக்கவாட்டில் பரவி, மேல் அரையடியிலேயே வட்டமடிக்கும். கோடையில் அந்த அரையடி காய்ந்ததும் மரம் வளர்ச்சியை நிறுத்தி உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் மரங்கள் செய்துகொண்டிருப்பது அதுதான். அதற்கு எவ்வளவு உரமிட்டும் பயனில்லை.

கல்லின் பங்கும் இருக்கிறது. கன அளவில் 60% கல் என்றால் நீரையும் சத்தையும் பிடித்து வைக்க மீதி 40% நுண்மண் மட்டுமே உண்டு. பெரிய கற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடங்களில் வெற்றுப் பொந்துகள் இருக்கும். நீர் அவற்றின் வழியாக நிற்காமல் இறங்கிவிடும். ஆக ஒரே மேட்டில் ஒரு பக்கம் நீர் தேங்கும், மறுபக்கம் நிற்காது. கல்லின் இனத்தையும் பாருங்கள். களிப்பாறையும் வண்டற்பாறையும் நனைந்து காய்ந்து சில ஆண்டுகளிலேயே உதிர்ந்து நுண்மண் ஆகிவிடும். சிலிக்காவால் இறுகிய மணற்பாறை நம் வாழ்நாள் முழுவதும் கல்லாகவே இருக்கும், ஆனால் அமிலத் தொல்லை தராது. எதை மேலே வைப்பது, எதை ஆழத்தில் புதைப்பது என்பதைத் தோண்டும்போதே முடிவு செய்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். கரிக்களிப்பாறை மேலே கிடந்தால் இன்னொரு தொல்லை. கறுப்புப் பரப்பு வெயிலில் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, முளைத்த நாற்றைத் தண்டடியிலேயே சுட்டுவிடும்.

இறுக்கத்தைப் பற்றி அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகள் ஒரு பெரிய பாடத்தை விட்டுவைத்திருக்கின்றன. 1977இல் திறந்தவெளிச் சுரங்க மீட்புச் சட்டம் வந்தது. சரிவுகள் இடியாமல் இருக்க, மண் அரித்துப் போகாமல் இருக்க, மேடுகளை அழுத்திச் சமன் செய்து புல் விதைப்பது வழக்கமானது. நோக்கம் நல்லது. ஆனால் அந்தச் சமவெளிகளில் காடு திரும்பவில்லை. சட்டத்துக்கு முன்பு யாரும் கவனிக்காமல் தளர்வாகக் கொட்டிவிட்டுப் போன மேடுகளில் மரங்கள் நன்றாக வளர்ந்திருந்தன. இதைக் கண்ட பிறகே, 2004இல் தொடங்கிய காடு வளர்ப்பு முயற்சியில், மேல் நான்கு அடியைத் தளர்வாகக் கொட்டுங்கள், புல்டோசரை ஓரிரு முறைக்கு மேல் ஓட்டாதீர்கள், மரத்தோடு போட்டியிடும் அடர்ந்த புல்லை விதைக்காதீர்கள் என்ற முறை பரவியது. கரடுமுரடாகத் தெரியும் மேடுதான் மரத்துக்கு ஏற்ற மேடு. பார்க்க அழகாக இழைத்த மேட்டைக் கண்டால் எனக்கு இன்றும் வருத்தம்தான் வருகிறது.

தளர்வு நல்லது என்று சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேல் நான்கு அடி தளர்வாக இருப்பது வேறு, நீர் ஊறிய மேடு முழுவதும் தளர்வாக இருப்பது வேறு. வேல்ஸின் ஆபர்ஃபானில் நிலக்கரிக் கழிவின் ஏழாம் மேட்டை நீரூற்றின்மேல் எழுப்பியிருந்தார்கள். 1966 அக்டோபர் 21 காலையில் அது குழம்பாகி இறங்கி ஒரு பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். தளர்வான துகள்களுக்கு இடையே நீர் நிரம்பியிருக்கும்போது ஒரு சிறு அசைவு துகள்களை நெருங்கச் செய்தால், வெளியேற வழியில்லாத நீர் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டிவரும். துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வு மறையும். திடப்பொருள் நொடிகளில் திரவம்போல் ஓடும்.

தாதுவை மாவாக அரைத்துப் பிரித்தபின் மிஞ்சும் சேற்றுக் கசடு, டெய்லிங்ஸ் என்று தொழிலில் சொல்வது, இதற்கு மிகவும் ஆளாவது. குழாயிலிருந்து விழும்போது மணல் அருகிலும் நுண்சேறு தூரத்திலும் படியும். நுண்சேற்றில் நீர் வடிய ஆண்டுகள் ஆகும். பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்த அணையில் 2016க்குப் பிறகு கசடு கொட்டப்படவே இல்லை. இருந்தும் 270 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த வல்லுநர் குழு சொன்ன ஒரு காரணம் என் மனத்தில் நிற்கிறது. இரும்பு மிகுந்த அந்தக் கசட்டின் துகள்களை இரும்பு ஆக்சைடு ஒட்டிப் பிணைத்திருந்தது. அதனால் பார்க்க உறுதியாக இருந்தது, ஆனால் நெகிழாமல் கண்ணாடிபோல் ஒரேயடியாக உடையும் உறுதி அது. வேதியியலையும் இயற்பியலையும் வேறு வேறு துறையாக வைத்துப் பார்த்தால் இது புலப்படாது. உங்கள் மேட்டின் அடிவாரத்தில் எங்காவது ஆண்டு முழுவதும் ஈரம் கசிந்தால், செடியைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு நிலப்பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

சத்துகளைப் பொறுத்தவரை சுரங்க மண்ணில் உண்மையான பஞ்சம் தழைச்சத்துக்குத்தான், அதாவது நைட்ரஜனுக்கு. சாம்பல்சத்து, கால்சியம், மக்னீசியம் ஆகியவை புதுப் பாறையிலிருந்து ஓரளவு வரும். நைட்ரஜன் பாறையிலிருந்து பெரிதாக வராது, உயிர்கள்தான் சேர்க்க வேண்டும். ஒரு தாவரச் சமூகம் உரமில்லாமல் தானே நிற்க, மண்ணில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ நைட்ரஜன் சேர்ந்திருக்க வேண்டும் என்று பீங்கான் களிமண் சுரங்கக் கழிவுகளில் சூழலியலாளர் பிராட்ஷா முதலானோர் செய்த ஆய்வுகள் காட்டின. உரமாக ஒரே தடவையில் 1,000 கிலோவைக் கொட்ட முடியாது, மழை அடித்துக்கொண்டு போய்விடும். வேர்முடிச்சுள்ள பயறு இனச் செடிகளும் மரங்களும் ஆண்டுக்கு நூறு கிலோ அளவில் சேர்க்கக்கூடியவை. அவற்றுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவை, மணிச்சத்தையோ துரு விழுங்கிவிடும்; அதனால் ஆர்செனிக் இல்லையென்று தெரிந்தபின் பாஸ்பேட்டை நடும் குழியில் வேரருகே வையுங்கள்.

அங்ககக் கார்பன் 3% என்று அறிக்கை வந்தால் மகிழ வேண்டாம். நிலக்கரித் துணுக்குகளும் கரிக்களிப்பாறையும் அதில் கார்பனாகக் கணக்கில் வந்துவிடும். மண்புழுவும் பூஞ்சையும் உண்ணும் மட்கு அல்ல அது. நைட்ரஜனையும் பார்த்து, இரண்டின் விகிதம் இயல்புக்கு மீறி இருந்தால் எண்ணை நம்பாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மேல்மண். அது வரும் இடத்தில் பெரிய குவியலாக ஆண்டுக்கணக்கில் கிடந்திருந்தால், உட்பகுதி காற்றின்றி அழுகி, வேர்ப்பூஞ்சைகளும் மண்புழுக்களும் செத்திருக்கும். புதிதாக அள்ளிய மண்ணாக இருந்தால் அதில் விதைகளும் உயிர்களும் இலவசமாகவே வரும். ஆனால் அமிலத் திட்டின்மேல் நேரடியாக ஒரு சாண் மண் பரப்பினால், கோடையில் நீர் நுண்துளை வழியே மேலேறும்போது அமிலமும் உப்பும் கூடவே ஏறும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே இடத்தில் அதே மஞ்சள் தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். திட்டுகளின் எல்லையைக் குச்சி நட்டுக் குறித்து, உள்ளே மூன்று, வெளியே மூன்று குழிகளை ஒரு மீட்டர் ஆழம் தோண்டி, நிறம், கல்லின் அளவு, வேர் நிற்கும் ஆழம் ஆகியவற்றை எழுதிக்கொள்வேன். ஆழவாரியாக மாதிரி எடுத்துச் சல்ஃபைடுக் கந்தகம், ஈடுகட்டும் திறன், பெராக்சைடுச் சோதனை, கரையும் உலோகங்கள் ஆகியவற்றைக் கேட்பேன். திட்டு சிறியது, அமிலப் பாறையும் ஆழமில்லை என்றால் தோண்டி எடுத்து, நீர் எப்போதும் நிற்கும் ஆழத்தில் புதைப்பதே நிரந்தரம். ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், காற்றில் உள்ள ஆக்சிஜனில் முப்பதில் ஒரு பங்குதான் நீரில் கரைந்திருக்கும். அதுவும் நீருக்குள் ஊடுருவும் வேகம் காற்றில் ஊடுருவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. காற்றுப் போகாத இடத்தில் பைரைட் தூங்கிவிடும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட அமில உப்பு நீரில் கரையும் என்பதால், புதைக்கும் முன் அதற்குத் தேவையான சுண்ணாம்பைக் கலந்துவிட வேண்டும். திட்டு பெரியது என்றால், கணக்கிட்ட சுண்ணாம்பைக் குறைந்தது அரை மீட்டர் ஆழத்துக்குக் கலந்து, மேலே போதிய தடிமனில் கரடு மணல் அல்லது அமிலமற்ற கல் அடுக்கி, நுண்துளை நீர் ஏறும் வழியை அறுத்து, அதன்மேல் மண் போடுவேன். மண்ணைக் கொட்டியபின் அதன்மேல் வண்டி ஓட்ட விடமாட்டேன்.

திட்டுக்கு வெளியே உள்ள குட்டை மரங்களுக்கு ஒரு பிடி மண்கூடப் புதிதாக வேண்டாம். மண் நன்றாகக் காய்ந்த பருவத்தில், சரிவுக்குக் குறுக்காக, ஒரு மீட்டர் ஆழம்வரை இறங்கும் கனமான உழுகொக்கியால் மரவரிசைகளுக்கு இடையே கீறிவிடுங்கள். ஈரத்தில் கீறினால் களி வெட்டுப்பட்டு மூடிக்கொள்ளும், உடையாது. கீறிய பள்ளங்களில் பயறு இனக் கன்றுகளை நட்டு, அடுத்த மழைக்குப்பின் மறுபடி ஒரு குழி தோண்டிப் பாருங்கள். புது வெள்ளை வேர்கள் பள்ளத்தின் சுவரைத் துளைத்து இறங்கத் தொடங்கியிருந்தால், மீதி வரிசைகளையும் அதே முறையில் கீறலாம்.